1080 துண்டுகளும் ஒரு வசனமும்

போன மாதம் எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டம் முடிந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு அக்கா என்னிடம் கேட்டார்: “ஏன் டீச்சர், தைக்கிறது கைதானே? வாய் சும்மாதானே கெடக்கு? அப்படியே செபமாலையும் சொல்லிட்டா ரெண்டும் ஒண்ணா முடிஞ்சிருமுல்ல?” சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் அதானே என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் அதற்கு முன் அரைமணி நேரம் புலம்பியவள் நான்தான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரத் திருவருகைக் காலம் வந்துவிட்டது, விவிலியத்தில் வாசிக்க நினைத்ததை வாசிக்க நேரம் கிடைக்காது, கிறிஸ்துமஸுக்குள் கொடுப்பதாகச் சொன்ன போர்வைகளும் முடியாது என்று. சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் ராத்திரி தோசை ஊற்றும்போதும் அந்தக் கேள்வி அடுப்பு பக்கத்திலேயே நின்றது. அவர் சொன்னதில் தப்பு இல்லை, நானே அதைப் பல வருடம் செய்து பார்த்தவள்தான். அது ஏன் எனக்கு ஒத்துவரவில்லை என்பதை ஒருமுறை உட்கார்ந்து எழுதிப் பார்த்தால்தான் தீரும் போலிருக்கிறது.

பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் இருந்துகொண்டு குயில்ட் தைக்கிறேன் என்றால் முதலில் சிரிப்புதான் வரும். இங்கே மார்கழியிலேயே இருபது டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். விடியற்காலையில் புது ஆற்றங்கரையில் பனி இறங்கினால் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நடந்துவிடுவோம், அவ்வளவுதான் எங்கள் குளிர். பெங்களூரில் இருக்கும் என் நாத்தனார்தான் பழக்கிவிட்டார். அங்கே அவர்கள் நடுவில் பஞ்சு விரிப்பு வைத்துத் தைக்கிறார்கள். அதை இங்கே போர்த்தினால் பிள்ளை வெந்துபோகும் என்பதால் நான் பஞ்சுக்குப் பதில் நைந்த பருத்திப் புடவை ஒன்றை வைத்துவிடுவேன். மேலே துண்டுகளை இணைத்த துணி, நடுவில் பழம்புடவை, அடியில் ஒரு முழுத்துணி, மூன்றையும் சேர்த்து நூல் ஓட்டினால் போர்வை. மெல்லிசாக இருக்கும், துவைக்கத் துவைக்க இன்னும் மெத்தென்று ஆகும்.

என் மாமியாருக்கு இது ஆரம்பத்தில் பிடிக்கவே இல்லை. “ஒட்டுப்போட்ட துணியைப் பண்டிகைக்குக் கொடுப்பாங்களா? கோடித்துணியா வாங்கிக் குடு” என்பார். அவர் வளர்ந்த காலத்தில் ஒட்டுத்துணி என்றால் இல்லாமை. தஞ்சாவூரில் தேருக்குத் தொங்கவிடும் தொம்பை பார்த்திருக்கிறீர்களே அத்தை, அதுவும் துணியை வெட்டித் துணிமேல் வைத்துத் தைப்பதுதானே, அதை யாராவது ஒட்டு என்கிறார்களா என்று ஒருமுறை வாதாடினேன். “அது தேருக்குப் போடுறது. மனுஷனுக்கா போர்த்துறாங்க?” என்று முடித்துவிட்டார். வாதத்தில் நான் தோற்றாலும் தைப்பதை நிறுத்தவில்லை. கிறிஸ்துமஸுக்கு யாருக்காவது ஒன்று, அப்புறம் இரண்டு, ஒரு வருடம் நான்கு என்று வளர்ந்துகொண்டே போனது.

எவ்வளவு வேலை என்று தெரியாதவர்களுக்காக ஒரு கணக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். இருப்பதிலேயே எளிமையானது ஒன்பது சதுரக் கட்டம். இரண்டரை அங்குலச் சதுரமாக வெட்டி, கால் அங்குலம் உள்ளே விட்டுத் தைத்தால் ஒவ்வொன்றும் இரண்டு அங்குலமாக நிற்கும், மூன்றுக்கு மூன்று சேர்த்தால் ஆறு அங்குலக் கட்டம். ஐந்தடிக்கு ஆறடிப் போர்வைக்கு அப்படி 120 கட்டங்கள் வேண்டும், அதாவது 1080 துண்டுகள். கால் அங்குலத்தில் ஒரு நூல் அளவு பிசகினாலும் பத்தாவது கட்டத்தில் வரிசை கோணிக்கொண்டு நிற்கும். அதற்கு முன்னால் புடவைகளை எல்லாம் துவைத்து, சாயம் போகிறதா என்று பார்த்து, இஸ்திரி போட்டு எடுக்க வேண்டும். சிவப்புச் சுங்குடி ஒன்றைத் துவைக்காமல் வைத்துத் தைத்து, வெள்ளை முழுக்க ரோஸ் ஆன கதை தனி.

இன்னொரு பக்கம் வாசிப்பு. திருவருகைக் காலம் வந்தாலே எனக்குள் இருக்கும் டீச்சர் கால அட்டவணை போட ஆரம்பித்துவிடுவாள். லூக்கா நற்செய்தியில் 24 அதிகாரம் இருக்கிறது, டிசம்பர் 1 முதல் நாளுக்கு ஒன்று வாசித்தால் 24ஆம் தேதி ராத்திரி பூசைக்குப் போகும்போது முடிந்திருக்கும். இது எங்கள் பங்குக் கோயிலில் பல பேர் செய்வதுதான். அதோடு திருப்பலியில் வரும் எசாயா இறைவாக்கினரின் வாசகங்கள். அதோடு ‘வருடத்தில் முழு விவிலியம்’ என்று ஜனவரியில் வீராப்பாக ஆரம்பித்தது வேறு. நாளைக்கு மூன்று நான்கு அதிகாரம் வாசித்தால்தான் அது முடியும், நான் அக்டோபரிலேயே எசேக்கியேல் புத்தகத்தில் மாட்டிக்கொண்டு நிற்பேன். ஆக டிசம்பர் என்பது எனக்கு இரண்டு கடன்களின் கடைசி மாதம். துணிக்கடன் ஒரு பக்கம், வேதக்கடன் ஒரு பக்கம்.

காதில் எசாயா, கையில் ஊசி

அந்த அக்கா சொன்ன யோசனையை நான் எப்படியெல்லாம் செய்து பார்த்தேன் என்று சொன்னால் அவர்களே சிரிப்பார்கள். முதலில் இயர்போன். போனில் விவிலியத்தை ஒருவர் அழகாக வாசிக்கிறார், கேட்டுக்கொண்டே துணி வெட்டலாம் என்று உட்கார்ந்தேன். வெட்டுவது என்பது முழுக்க எண்கள், இரண்டரை, ஐந்து, ஏழரை. அவரோ அந்த நேரம் பார்த்துக் குலங்களின் எண்ணிக்கையை வாசித்துக்கொண்டிருந்தார். இரண்டு எண்களும் கலந்து, ஒரு நல்ல நீலப் புடவையின் முந்தானைப் பக்கத்தை இரண்டே கால் அங்குலமாக வெட்டித் தள்ளிவிட்டேன். திரும்ப ஒட்டவா முடியும்? அன்றைக்கு வேதவசனத்துக்குப் பதிலாக என் வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

சரி, வெட்டும்போது வேண்டாம், மெஷினில் ஓட்டும்போது கேட்போம் என்று மாற்றினேன். மெஷின் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டுமென்று ஒலியைக் கூட்டுவேன், நூல் அறுந்தால் நிறுத்துவேன், பாபின் சுற்றும்போது பின்னால் தள்ளிக் கேட்பேன். ஒரு வாரத்தில் ஆறு அதிகாரம் ‘முடித்தேன்’. முடித்தேன் என்று கட்டத்தில் டிக் கூடப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் அதில் ஒரு பகுதியே வாசகமாக வந்தது. வாசித்து முடிக்கும் வரைக்கும், இதை நான் மூன்று நாளுக்கு முன் கேட்டேன் என்ற நினைவே வரவில்லை. ஆண்டவரின் அருள்வாக்கு என்று வாசித்தவர் சொன்னபோதுதான் சுரீரென்றது.

மிச்சமிருந்தது கையால் நூல் ஓட்டும் வேலை, செபமாலைக்கு இதுதான் பொருத்தம் என்று எனக்கும் தோன்றியது. செபமாலையின் ஒரு மணிக்கு ஒரு தையல், பத்து தையலுக்கு ஒரு பத்துமணி என்று நானே ஒரு முறை கண்டுபிடித்து வைத்திருந்தேன். இரண்டு நாள் நன்றாகப் போனது. மூன்றாம் நாள் பார்த்தால் தையல் எண்ணிக்கைக்காக மன்றாட்டை இழுக்கிறேன், இல்லாவிட்டால் மன்றாட்டு முடியவேண்டுமே என்று தையலை நீட்டிப் போடுகிறேன். வரிசை ஒன்றில் தையல் எள் மாதிரி, அடுத்த வரிசையில் அரிசி மாதிரி. மாதாவும் ஒரு தாய்தான், வீட்டுவேலை செய்தவர்தான், பொறுத்துக்கொண்டிருப்பார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. “செய்யும் தொழிலே தெய்வம், தையலே செபம்” என்று யாராவது சொன்னால் அந்த நாளிலிருந்து எனக்கு லேசாக எரிச்சல் வருகிறது. தையல் தையல்தான். செபம் செபம்தான். இரண்டையும் ஒரே தட்டில் பிசைந்தால் எதன் ருசியும் தெரியவில்லை. இது என் கை, என் மண்டையின் குறையாகவும் இருக்கலாம். செபமாலை சொல்லிக்கொண்டே வலை பின்னுகிற, கீற்று முடைகிற பாட்டிமார்களை நானே பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கை தானாக ஓடும். எனக்கு இன்னும் அந்த அளவுக்கு ஓடவில்லை.

பக்கத்து வீட்டு மாமியைப் பார்த்தும் பொறாமைப்பட்டிருக்கிறேன். மார்கழி பிறந்ததும் விடிகாலையில் கோலம் போட்டுப் பூசணிப்பூ வைத்துவிட்டுத் திருப்பாவை சொல்வார். மொத்தம் 30 பாட்டு, நாளுக்கு ஒன்று. நேற்று விட்டதை இன்று சேர்த்துச் சொல்வோம் என்ற பேச்சே கிடையாது. காய்ச்சலில் படுத்திருந்த இரண்டு நாளை என்ன செய்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். “அந்த ரெண்டு பாட்டும் ஊர்ல யாராவது சொல்லியிருப்பாம்மா” என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது, ஆனால் என்னுடைய டிக் கட்டங்களை விடவும் மனசு வரவில்லை.

கரண்ட் இல்லாத திருவருகைக் காலம்

2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் வந்து போனது. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அதைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. காலையில் கதவைத் திறந்தபோது வானம் பெரிதாக இருந்தது, ஏனென்றால் தென்னை இல்லை. அப்பா கையால் வைத்த மரங்களும் அதில் போயின. அதையெல்லாம் எழுத உட்கார்ந்தால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போய்விடும். இங்கே வேண்டியது ஒன்றுதான்: எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர டிசம்பர் பாதி தாண்டிவிட்டது. வெளியூரிலிருந்து வந்த மின்வாரியத் தொழிலாளர்கள் சேற்று வயலில் நின்று கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் சமைத்ததை அவர்களுக்கும் கொண்டுபோய்க் கொடுப்போம்.

அந்த வருடம் திருவருகைக் காலம் டிசம்பர் 2இல் தொடங்கியது. நான்கு மெழுகுவர்த்தி வளையத்துக்குச் சவுக்குக் கிளை தேடி அலைய வேண்டியிருக்கவில்லை, தெருவெல்லாம் கிடந்தது. குடிலுக்குக் கீற்றும் அப்படியே. கோயில் உபதேசியார் பீடத்து மெழுகுவர்த்திகளின் அடிக்கட்டைகளைச் சேர்த்து வைத்து வீட்டுக்கு இரண்டு மூன்று கொடுத்தார். கடையில் மெழுகுவர்த்தி கிடைக்காத நாட்கள் அவை. போனில் சார்ஜ் இல்லை, அதனால் காதில் எசாயாவும் இல்லை. மின் மெஷின் ஒரு மூலையில் கிடந்தது. பரண்மேல் இருந்த மாமியாரின் கால்மிதி மெஷினை இறக்கி எண்ணெய் விட்டேன்.

பகலில் வெளிச்சம் இருக்கும் வரைக்கும் தைப்பேன். ஐந்தரை மணிக்கு மேல் கறுப்பு நூலும் நீல நூலும் ஒன்றாகத் தெரியும், எடுத்து வைத்துவிட வேண்டியதுதான். ராத்திரி மெழுகுவர்த்தியில் வாசிப்பேன். எரிந்து தீர்ந்தால் வேறு இல்லை என்பதால் கால் மணி நேரம், அவ்வளவுதான். அந்தக் கால் மணியில் லூக்கா முதல் அதிகாரத்தில் எவ்வளவு வாசித்துவிட முடியும்? அது 80 வசனம். முதல் ராத்திரி குரு செக்கரியா கோயிலுக்குள் தூபம் காட்டப் போனதோடு திரி தலை கவிழ்ந்தது. அவர் பேச்சிழந்து வெளியே வந்து சைகை காட்டியது அடுத்த ராத்திரி. இடையில் ஒரு பகல் முழுக்க அந்த மனிதர் எனக்குள் கோயிலுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தார். வெளியே மக்கள் காத்திருந்தார்கள். நான் வெட்டுத்துணிகளை நிறவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். வேண்டுமென்று நினைத்துக்கொள்ளவில்லை. முடிக்காமல் விட்டது தானாக நிற்கிறது, வாயில் பாதியில் நின்ற பாட்டு மாதிரி.

என் அம்மா பொறையாறு லுத்தரன் குடும்பம், அப்பா கத்தோலிக்கர். அதனால் எங்கள் வீட்டில் இரண்டு வேதப்புத்தகம். அம்மாவுடையது பழைய மொழிபெயர்ப்பு, கறுப்பு அட்டை, எழுத்து கொஞ்சம் பெரிது, மெழுகுவர்த்திக்கு அதுதான் தோது. தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்தபோது, ஐரோப்பாவிலிருந்து வந்த எழுத்து பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றதால் இங்கேயே சிறிய எழுத்து வார்த்தார்கள் என்று தாத்தா சொல்வார். காகிதமும் பற்றாக்குறை. துணி பற்றாத இடத்தில் துண்டு போட்டு ஒப்பேற்றும் எனக்கு அந்தக் கதை எப்போதும் பிடிக்கும். அந்த மெழுகுவர்த்தி ராத்திரிகளில் மட்டும், எழுத்தைச் சிறிதாக்கியவர்கள் மேல் கொஞ்சம் கோபம் வந்தது உண்மை.

கன்றுக்குட்டி

இனி, இவ்வளவு நாளாக நான் யாரிடமும் முழுசாகச் சொல்லாத பகுதி. புயலுக்கு முன்னமே ஒரு போர்வை முடிந்திருந்தது. நான் மேலே கணக்குச் சொன்ன அதே 1080 துண்டுப் போர்வை. அம்மா இறந்தபிறகு எடுத்து வைத்திருந்த புடவைகளில் செய்தது, நாத்தனாருக்கென்று. எங்கள் வீட்டில் கூடமாட வேலைக்கு வரும் அக்காவின் கூரைவீடு புயலில் போய்விட்டது. தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு பிள்ளைகளோடு இருந்தார். நவம்பர் கடைசியில் மழை வேறு. ஒரு சாயங்காலம் எதையும் யோசிக்காமல் அந்தப் போர்வையை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டேன். யோசிக்காமல் என்று எழுதிவிட்டேனே தவிர, கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்த தூரம் முழுக்க அதைப் பற்றித்தான் யோசித்தேன். பெருமையாக இருந்தது. இதைத்தானே வேதமும் சொல்கிறது என்று ஒரு வசனத்தைக்கூடத் தேடி எடுத்து மனசுக்குள் வைத்துக்கொண்டேன்.

டிசம்பர் நடுவில் ஒருநாள் அவர் வேலைக்கு வரவில்லை என்று பார்க்கப் போனேன். மாடு கன்று போட்டிருந்தது. தார்ப்பாயின் ஓரத்தில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் நனைந்த கன்று, கன்றின்மேல் என் போர்வை. அம்மாவின் ரோஸ் புடவை, அம்மாவின் பச்சைக் கட்டம் போட்ட புடவை, பள்ளிக்கூடம் போகும்போது கட்டுவாரே அந்த மாம்பழ நிறம், எல்லாவற்றிலும் கோழை, சாணி. அந்த அக்கா என் முகத்தைப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னார்: “பிள்ளைங்களுக்கு நெவாரணத்துல வந்த போர்வை ஆளுக்கு மூணு கெடக்கு டீச்சர். அதெல்லாம் மொறமொறன்னு குத்துது. இதுதான் மெத்துன்னு இருந்துச்சு, அதான் கன்னுக்குட்டிக்குப் போட்டேன்.”

இதைக் கேட்டதும் மாட்டுத்தொழுவம், வைக்கோல், கிறிஸ்துமஸ் என்று ஒரு பிரசங்கம் தயாராகிவிடும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் ஆகியிருக்கும். எனக்கு அப்போது அப்படி எதுவும் தோன்றவில்லை. கோபம்தான் வந்தது, கண்ணில் தண்ணீர் வருகிற கோபம். ஒன்றும் சொல்லாமல், நல்லா இருக்கு கன்னு, கிடேரியா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து மாமியாரிடம் கொட்டினேன். அவர் தன் பங்குக்கு “நான் அப்பவே சொன்னேன், கோடித்துணியா வாங்கிக் குடுன்னு” என்று ஆரம்பிப்பார் என்று பார்த்தேன். அவர் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “உன் மவன் பொறந்தப்ப என்னத்துல சுத்துனோம்? உங்க மாமா வேட்டியக் கிழிச்சுத்தான சுத்துனோம். பச்சப்புள்ளைக்குக் கோடி ஆவுமா, குத்தாது?” என்றார்.

அது எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது, வீட்டில் பெரியவர்கள் உடுத்தி நைந்த பருத்தி வேட்டியோ புடவையோ கிழித்துத்தான் சுற்றுவார்கள். ஒட்டுத்துணி வேண்டாம் என்று என்னிடம் ஐந்து வருடம் சண்டை போட்ட அதே கைதான் அந்த வேட்டியைக் கிழித்தது. நானும் அதை மறந்தே போயிருந்தேன்.

அன்று ராத்திரி மெழுகுவர்த்திக்கு முன்னால் வேண்டாவெறுப்பாகத்தான் உட்கார்ந்தேன். லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் நின்றிருந்தது. அட்டவணைப்படி அது டிசம்பர் 2க்கு உரியது, நான் பத்து நாளுக்கு மேல் பின்னால் கிடந்தேன். பிள்ளையைத் துணிகளில் சுற்றி முன்னணையிலே கிடத்தினாள் என்று அம்மாவின் புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் புத்தகத்தில் துணிகளில் பொதிந்து தீவனத் தொட்டியில் கிடத்தினார் என்று வரும். எத்தனை கிறிஸ்துமஸ் கேட்ட வரி. எனக்கு அன்றைக்குக் கண்ணில் பட்டது முன்னணை இல்லை, அந்தத் ‘துணிகள்’. ஒரு துணி இல்லை, துணிகள், இரண்டு மொழிபெயர்ப்பிலும். சுற்றுவதற்கென்று நீளநீளமாகக் கிழித்தது என்றால் அது யாருடைய துணி? நாசரேத்திலிருந்து வரும்போதே மூட்டையில் கொண்டுவந்ததா, வந்த இடத்தில் யாராவது கொடுத்ததா? புதுசா, உடுத்தியதா? உடுத்தியதாகத்தான் இருக்கவேண்டும் என்று எனக்கு உடனே தோன்றியது. அப்படி எங்கும் எழுதியிருக்கவில்லை. எனக்குத் தெரிந்தது எங்கள் ஊர் வழக்கம்தான், பெத்லகேம் வழக்கம் இல்லை. ஆனாலும் தோன்றியது. இன்னும் ஐந்து வசனம் தள்ளி இடையர்களுக்கு வானதூதர் அடையாளம் சொல்கிறார், அந்த அடையாளத்திலும் துணி வருகிறது. மூன்று ராத்திரி அந்த இரண்டு வரியைத் தாண்டவில்லை. பகலில் மெஷினை மிதிக்கும்போது அதை நினைக்கவும் இல்லை, மிதித்தேன், அவ்வளவுதான். மறுபடி ராத்திரி வந்து உட்கார்ந்தால் அது அதே இடத்தில் இருந்தது.

இதற்குத் தியானம் என்று பெயர் வைக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. அதுவரைக்கும் வாசிப்பு வேறு, தையல் வேறு, இரண்டுக்கும் நேரத்தைப் பங்கு பிரிப்பதுதான் என் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தையல்காரியின் கண்ணுக்குத்தான் அந்தப் பன்மை தெரிந்தது. ஆனால் அது தைத்துக்கொண்டிருந்தபோது தெரியவில்லை. துணியைக் கீழே வைத்துவிட்டு, கைக்கு வேலை இல்லாமல் உட்கார்ந்தபோது தெரிந்தது.

அதற்குப் பிறகு

அப்படியொன்றும் திருந்திவிடவில்லை. அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு லூக்காவில் நான்காம் அதிகாரம்தான் வந்திருந்தேன். ஒரு போர்வைகூட யாருக்கும் முடிக்கவில்லை. நாத்தனாருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னபோது அவர் வெகுநேரம் சிரித்தார். அடுத்த வருடம் கரண்ட் இருந்தது, போனில் சார்ஜ் இருந்தது, ஆனால் இயர்போனை மேசை டிராயருக்குள் போட்டுவிட்டேன். காலையில் பூசை முடிந்து வந்து வாசிப்பேன், கையில் எதுவும் இருக்காது, காபிகூட. தைக்கும்போது தைப்பேன், தெருவில் போகிறவர்கள் குரல், மீன்காரர் மணி, இவைதான் காதில் விழும். வாசிப்பு ஓடாத நாளில் அதற்கு ஈடாக இரண்டு வரிசை கூடத் தைத்துவிடுவது என்று முன்பு ஒரு பழக்கம் இருந்தது, அதையும் விட்டேன். ஓடவில்லை என்றால் ஓடவில்லை.

டிக் கட்டங்களை விட்டதில் ஒரு லாபம், ஒரு வருடம் ஐந்தாம் அதிகாரத்திலேயே ஒரு வாரம் நிற்க முடிந்தது. பழைய ஆடைக்குப் புது ஆடையிலிருந்து துண்டு கிழித்து ஒட்டுப்போடுவதில்லை என்று இயேசு சொல்வது அங்கேதான் வருகிறது. மாற்கு இதையே சொல்லும்போது, புதுத்துண்டு பழையதை இழுத்துக் கிழிக்கும் என்கிறார். துவைக்காத துணியைச் சேர்த்துத் தைத்துப் பட்ட யாருக்கும் அது புரியும், முதல் சலவையில் புதுசு சுருங்கி, பழசைச் சேர்த்து இழுத்துவிடும். லூக்கா இன்னொன்றையும் சேர்க்கிறார்: பழையதோடு அது ஒத்தும் போகாது. ரோஸ் ஆன என் வெள்ளைப் போர்வையை எடுத்து வைத்துக்கொண்டு அன்று வெகுநேரம் சிரித்தேன். விளக்கவுரை எழுதியவர்கள் இதற்கு ஆழமான பொருள் சொல்வார்கள், அது சரியாகவும் இருக்கும். எனக்கு, இதைச் சொன்னவர் யாரோ ஒட்டுப்போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்பதே அந்த வாரத்துக்குப் போதுமாக இருந்தது.

இவ்வளவு தெரிந்தும் இந்த வருடம் மூன்று போர்வை தருவதாக மூன்று பேரிடம் சொல்லித் தொலைத்திருக்கிறேன். அன்பியத்தில் புலம்பியது அதனால்தான். இரண்டு பேரிடம் பொங்கலுக்குத் தருகிறேன் என்று நேற்று போன் செய்து சொல்லிவிட்டேன். மிச்சம் ஒன்று, கொழுந்தனார் மகளுக்கு ஜனவரியில் பிரசவம், அதற்கு. மாமியார் இப்போது இல்லை. அவருடைய புடவைகளைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன், மார்கழி வெயிலில் காய ஒரு முழுநாள் ஆகிறது.

போன வாரம், புயலில் கூரைவீடு போன அந்த அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். இப்போது மேலே ஓடு போட்டிருக்கிறார்கள். அன்றைக்குப் பிறந்த கிடேரி வளர்ந்து அதுவும் கன்று போட்டுவிட்டது. பேச்சுவாக்கில், அந்தப் போர்வை என்ன ஆச்சுக்கா என்று கேட்டேன். இத்தனை வருடம் கழித்துத்தான் கேட்கத் தைரியம் வந்தது. “அது அப்பவே நைஞ்சு போச்சு டீச்சர், கிழிச்சு அதுக்கு இதுக்குன்னு எடுத்தாச்சு. ஒண்ணுதான் கெடக்குது” என்று அடுப்படியிலிருந்து கரித்துணியை எடுத்துக் காட்டினார். ஒரே ஒரு ஒன்பது சதுரக் கட்டம், அதிலும் ஒரு மூலை இல்லை. நடுச்சதுரம் அம்மாவின் ரோஸ். கால் அங்குலத் தையல் மட்டும் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது. அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் உலை பொங்கிவிட்டது. அவர் அதை மடித்துப் பிடித்துப் பானையை இறக்கி, சோற்றை வடிக்கத் திரும்பினார்.